செலவு

'செலவு' என்று ஒரு சொல். இன்று அதைக் கேட்டதும் நம் கை தானாகவே சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறது. வீட்டுச் செலவு, மருந்துச் செலவு, கலியாணச் செலவு என்று பணம் போகும் வழிகளையே அது நினைவூட்டுகிறது. சங்க இலக்கியத்தில் இச் சொல்லுக்குப் பொருள் வேறு. செல்லுதல், பயணம் போதல் என்பதே அங்கே செலவு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் வாடிய முகத்தைக் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்று ஒரு துறையாகவே வகுத்து வைத்தார்கள் நம் முன்னோர்.

பயணம், பணம் ஆகிய இந்த இரண்டு பொருளும் சேர்ந்து வந்து ஆசிரியன் முன்னால் நிற்கின்ற நாள் ஒன்று ஆண்டுதோறும் வரும். கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கேட்கும் நாள்தான் அது. அந்த நாளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மன்னார்த் தீவிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் நான். ஓலைத்தொடுவாய் போன்ற கரையோரக் கிராமங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலே படிக்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் இஸ்லாமியப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து ஐந்திணை படிக்கிறார்கள். இங்கே நெய்தலைக் கற்பிக்க எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினால் போதும். உலரும் வலை, மணல்மேடு, தாழை, பனை, கரையேறிய வள்ளம் எல்லாம் அங்கேயே உண்டு. ஆனால் குறிஞ்சியை எப்படிக் கற்பிப்பது? எங்கள் தீவில் மலை கிடையாது, ஆறும் கிடையாது. 'அருவி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் அதை ஓர் எழுத்துக்கூட்டமாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருதத்தையாவது பாலம் தாண்டிக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் அழைத்துப் போய்க் காட்டிவிடலாம். குறிஞ்சியைப் பார்க்க மாத்தளைக்கு அப்பால் போகவேண்டும்.

இவர்களுடைய பெற்றோர் பலர் போர்க்காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள். தலைமன்னார் ரயில் 1990 இல் நின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் போரிலே தகர்ந்தது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2010 இல். ரயில் மறுபடி தலைமன்னார் வரை வந்து சேர்ந்தது 2015 இல். இடம்பெயர்ந்து ஓடியதைத் தவிர வேறு பயணம் அறியாத ஒரு தலைமுறை அது. ஊர் பார்ப்பதற்காக ஒருவர் பயணம் போகலாம் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி. ஆகவே சுற்றுலாவை ஒரு வேடிக்கை என்று ஒதுக்கிவிட என்னால் முடிவதில்லை.

நம் நாட்டிலே கல்வி இலவசம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் வந்த வரம் அது. 1980 இல் பாடநூல்களும் 1993 இல் சீருடையும் இலவசமாயின. சீருடையின் நோக்கம் என்ன? எந்தப் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிந்தது, எந்தப் பிள்ளையின் வீட்டில் எரியவில்லை என்பதை வகுப்பறை அறியக் கூடாது என்பதுதானே! ஆண்டு முழுவதும் வெள்ளைத் துணி மறைத்து வைத்த அந்த வேறுபாட்டைச் சுற்றுலாப் பட்டியல் ஒரே நாளில் வெளிச்சம்போட்டுக் காட்டிவிடுகிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் எரிபொருள் வரிசையும் வந்துபோன பிறகு பேருந்து வாடகை பழைய நிலைக்கு இறங்கவேயில்லை. பட்டியலில் விழும் இடைவெளியும் அதற்கேற்ப அகன்றுவிட்டது.

எங்கள் பத்தாந்தர வகுப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அநுராதபுரம், சிகிரியா, கண்டி, பேராதனை என்று மூன்று நாள் பயணம். தலைக்கு 6,000 ரூபா என்று கணக்கிட்டார்கள். வகுப்பிலே 42 பிள்ளைகள். 35 பேர் பெயர் கொடுத்தார்கள். ஏழு பேர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது அந்த ஏழு பேரும் ஏழு காரணம் சொன்னார்கள். ஒருவனுக்கு அம்மம்மா வருத்தமாம். இன்னொருவனுக்குக் கோயில் திருநாளாம். ஒரு பெண்பிள்ளை, "சேர், எனக்கு பஸ்ஸில போனா சத்தி வரும்" என்றாள். அவளுடைய தாயிடம் கேட்டேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஓம் சேர், அவளுக்குச் சின்னனில இருந்தே ஏலாது" என்றார். அந்த வாரம் இழுவைப் படகுகள் அவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போயிருந்தன என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. தாயும் மகளும் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வருகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய நூல் அது. பாணனுடைய வறுமையை அவர் காட்டுகிற காட்சியைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இடிந்த அடுக்களை. கண் திறவாத நாய்க்குட்டிகள் பால் வற்றிய தாயிடம் முட்டுகின்றன. பசியால் மெலிந்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். வெந்த கீரையைச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ணுமுன் அவள் ஒரு காரியம் செய்கிறாள். எழுந்துபோய் வாசற்கதவை அடைக்கிறாள். அறியாதவர்கள் பார்த்துப் பழிப்பார்களே என்ற நாணம்.

உப்பில்லாத கீரையை விட, பசியை விட, அந்த அடைத்த கதவுதான் அக் காட்சியின் உயிர் என்பேன். "சத்தி வரும்" என்று அந்தப் பிள்ளை சொன்னதும் ஒரு கதவடைப்புத்தான். கதவை அடைப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு. உதவி செய்ய வருகிறவர்கள் முதலில் மதிக்கவேண்டியது அந்தக் கதவைத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏழு பேருக்கும் பணம் சேர்ப்பது எப்படி என்று கூடிப் பேசியபோது இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, ஏழு பேருக்கும் வேண்டிய 42,000 ரூபாவை மற்ற 35 பேர் மீதும் பகிர்ந்து, ஆளுக்கு 1,200 ரூபா கூட்டிக் கேட்பது. கணக்குச் சரிதான். ஆனால் அந்த 35 பேரிலும் காதில் கிடந்ததை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. 1,200 ரூபா கூடினால் பட்டியலிலிருந்து இன்னும் ஐந்து பெயர் உதிரும். இரண்டாவது யோசனை கேட்பதற்கு இனிப்பானது. வசதி படைத்த ஒருவர் ஏழு பேருக்கும் முழுப்பணம் தரத் தயாராம். காலைக் கூட்டத்திலே பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் காசோலையைக் கையில் கொடுக்கவேண்டுமாம். படம் எடுத்து முகநூலிலும் போடுவார்களாம்.

அந்தக் கொடையாளியை நான் குறைசொல்ல வரவில்லை. அவர் மனம் நல்ல மனம்தான். ஆனால் அடைத்த கதவை உடைத்துக்கொண்டு போய்ச் சோறு வைத்தால், உண்பவர் தொண்டையில் அது இறங்குமா? படம் ஒருநாள் செய்தி. பிள்ளைக்கோ, வகுப்பு முழுவதும் தன்னைப் பார்க்கிற பார்வை பாடசாலை விட்டுப் போகும்வரை இருக்கும்.

வள்ளுவர் இதை நன்றாக அறிந்தவர். இரத்தலைப் பற்றி 'இரவு' என்று ஒர் அதிகாரம் வைத்தவர், அடுத்ததாகவே 'இரவச்சம்' என்று இன்னோர் அதிகாரம் வைத்தார். கொடுப்பதைப் பற்றிப் பேசும்போதும் 'ஈகை' அதிகாரத்துக்கு முன்னால் 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தை நிறுத்தினார். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளைப் பாருங்கள். ஊரார் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், தழையும் பட்டையும் மருந்தாகும் மரம். குளத்தில் குடம் முக்குகிறவரைப் பார்த்து யாரும் 'இவர் வாங்குகிறார்' என்று சொல்வதில்லை. குளம் எல்லாருக்கும் உரியது. ஈகையில் மேல்கை, கீழ்க்கை உண்டு. ஒப்புரவில் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிவதில்லை.

புறநானூற்றுப் பெருஞ்சித்திரனாரும் இங்கே நினைக்கத்தக்கவர். வறுமையில் வாடிய புலவர் அவர். அதியமானிடம் பரிசில் நாடிப் போனார். அவன் அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்துவிட்டார். தன்னையும் தன் புலமையையும் அறியாமல் தருகிற பொருளுக்குத் தான் வணிகன் அல்லன் என்பது அவருடைய வாதம். தனக்கு ஒரு தகுதி உண்டு, அந்தத் தகுதிக்காகத் தரப்படுவதையே பெறுவேன் என்கிற நிமிர்வு அது. பத்தாந்தரத்துப் பிள்ளைக்கும் அந்த நிமிர்வு உண்டு. அதற்கு நாம் என்ன வழி செய்திருக்கிறோம்?

வழி சொன்னவர் ஆசிரியர் எவரும் அல்லர். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருந்த ஒரு கடற்றொழிலாளி எழுந்தார். "சேர், நாங்க கரைவலை இழுக்கிறம். சம்மாட்டிக்கு அவர்ர பங்கு. கயிறு பிடிச்ச ஆக்களுக்கு அவையிட பங்கு. கயிறு பிடிச்சவனில ஒருத்தன் பெலன்காரன், ஒருத்தன் நோஞ்சான். அதைப் பார்த்தா பங்கு வைக்கிறம்? பிள்ளையளும் கயிறு பிடிக்கட்டும். வாறதில எல்லாரும் போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

நேயர்களே, அதற்குப் பிறகு பேச எங்களுக்கு அதிகம் இருக்கவில்லை. ஏழு பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்கும் எண்ணத்தை விட்டு, 42 பிள்ளைகளுக்காகவும் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். முதலில் செலவைக் குறைத்தோம். மூன்று நாள் இரண்டு நாளாயிற்று. இரவு தங்கப் பாடசாலை மண்டபம் ஒன்று கிடைத்தது. ஒருவேளைச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு போவது என்றானது. தொகை 252,000 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 180,000 ரூபாவுக்கு இறங்கியது. பிறகு 42 பேருக்கும் ஒரே மாதிரியான 42 கடித உறைகள் கொடுத்தோம். பெயர் எழுதக் கூடாது, தொகை எழுதக் கூடாது. இயன்றதை வைத்து ஒட்டி, எல்லாரும் ஒரே நாளில் பெட்டியில் போடவேண்டும். ஒன்றும் இயலாதவர் வெறும் உறையையே ஒட்டிப் போடலாம். இரண்டு ஆசிரியர்களும் இரண்டு பெற்றோரும் இருந்து உடைத்து எண்ணினார்கள்.

"வசதியுள்ளவர் வெறும் உறையைப் போட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு பேர் அப்படிப் போட்டிருக்கவும் கூடும். நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. அதைத் தேடத் தொடங்கினால் மற்ற வெறும் உறைகளையும் தேட நேரிடும். உறைகளில் வந்தது 118,000 ரூபா.

மிச்சத்துக்கு ஒரு சனிக்கிழமை பாடசாலை முற்றத்திலே பிள்ளைகள் சந்தை வைத்தார்கள். ஒடியல், பனங்கிழங்கு, பனங்கட்டி, ஓலைப்பெட்டி, கருவாடு, வீட்டுக் கோழிமுட்டை என்று 42 பேரும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் ஓர் அதிசயத்தைக் கண்டேன். பட்டியலில் பெயர் கொடுக்காத அந்த ஏழு பேரும்தான் சந்தையில் கைதேர்ந்தவர்களாக நின்றார்கள். மீன் விற்கும் வீட்டுப் பிள்ளைக்கு விலைபேசத் தெரியும். ஓலை பின்னும் வீட்டுப் பிள்ளையின் பெட்டிதான் முதலில் விலைபோயிற்று. அன்று 37,000 ரூபா சேர்ந்தது. இரண்டு வள்ளக்காரர் ஒருநாள் பாட்டிலே ஒரு பங்கை வகுப்புக்கென்று ஒதுக்கி 20,000 ரூபா தந்தார்கள். ஆசிரியர்கள் 10,000 ரூபா போட்டோம். மேடையில் காசோலை தர வந்தவரும் சந்தைக்கு வந்து கைநிறையப் பொருள் வாங்கிப் போனார். அவரைப் படம் எடுக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. மொத்தம் 185,000 ரூபா. அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியைப் பெற்றுத் தந்தார். வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டினோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழியும் அன்று. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848 இல். பிள்ளைகளிடம் கட்டணம் கேளாமல் கல்வி கொடுக்க அவர் நாடியது பிடியரிசியை. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவது எந்த வீட்டுக்கும் இயலும். கடலுக்கு அப்பால் விருதுநகரிலே சத்திரிய வித்தியாசாலையும் வீடுதோறும் எடுத்த பிடியரிசியாலேதான் நடந்தது. அங்கே படித்த சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகி, 1956 இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தான். காமராசரைத்தான் சொல்கிறேன். பிடியரிசியின் சிறப்பு இதுதான்: பானைக்குள் விழுந்த பிறகு எந்த மணி எந்த வீட்டு அரிசி என்று எவராலும் சொல்ல இயலாது.

எங்கள் கரைக்கு நேர் எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமேசுவரம் இருக்கிறது. அங்கே பிறந்த அப்துல் கலாமுக்குச் சென்னையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது ஏறக்குறைய ஆயிரம் ரூபா வேண்டியிருந்தது. தமக்கை ஜொஹரா தமது தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம்பி அதைத் தன் உழைப்பால் மீட்டுத் தருவேன் என்று உறுதி பூண்டார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே கலாம் தம் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிச் சொன்ன நிகழ்ச்சி இன்னொன்று உண்டு. பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியும் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அன்று மாலையே ஆசிரியர் வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பறவைகள் சிறகடிப்பதையும் வால் திருப்புவதையும் நேரிலே காட்டினார். தன் வாழ்வின் திசை அன்று தீர்மானமாயிற்று என்றார் கலாம். அந்தச் சுற்றுலாவுக்கு ஒரு சதமும் செலவில்லை. அதற்குப் போகாமல் நின்ற பிள்ளையும் இல்லை. எங்களுக்கும் வங்காலைப் பறவைகள் சரணாலயமும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் மன்னார்க் கோட்டையும் திருக்கேதீச்சரமும் பக்கத்திலேயே உண்டு. கிட்ட உள்ளதைக் காட்டுவதும் கல்விதான். ஆனால் கிட்ட உள்ளது ஏழைக்கு, தூர உள்ளது வசதியுள்ளவனுக்கு என்று பிரித்துவிடக் கூடாது. கிட்டப் போனாலும் எல்லாரும், தூரப் போனாலும் எல்லாரும்.

பேருந்து புறப்பட்டபோது 42 பேரும் இருந்தார்கள். மாத்தளை தாண்டி மலையேறும் வளைவுகளில் ஒரு பையன் சத்தி எடுத்தான். முதல் நாளே பெயர் கொடுத்த 35 பேரில் ஒருவன் அவன்! 'சத்தி வரும்' என்று சொன்ன பெண்பிள்ளை அவனுக்கு எலுமிச்சங்காய் கொடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். பேராதனைப் பூங்காவிலே பனைமரச் சாலையைக் கண்டதும், "சேர், இது எங்கட மரம்!" என்று பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்கள். மகாவலிக் கரையில் நெடுநேரம் பேசாமல் நின்றார்கள்.

வந்து சேர்ந்ததும் பயணக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: 'ஆற்றுத் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. இவ்வளவு தண்ணீர் உப்பில்லாமல் ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை.' கடலைத் தவிரப் பெருநீர் அறியாத ஒரு நெய்தற் பிள்ளையால்தான் இப்படி எழுதமுடியும். இந்த வரிக்கு நான் எத்தனை புள்ளி போடுவது!

ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வருகிற வறிய பாணனைக் கண்டு, 'இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன உணவு தருவார்கள், இன்ன வள்ளலைக் காண்பாய்' என்று வழிப்படுத்துவது. ஆறு என்றால் வழி. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் விருந்து வைப்பவர்கள் யார் தெரியுமா? நுளையர் வீட்டார். சுட்ட மீன் கொடுத்து அனுப்புகிறார்கள் அந்தக் கடற்கரை மக்கள். பெற்றவன் தான் பெற்றதை மறைக்காமல் அடுத்தவனுக்கு வழிசொல்வதை ஒரு இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நம்முடையது. வாங்கியதில் வெட்கம் இல்லாதபடி கொடுக்கப்பட்டால்தான், வாங்கியவன் இப்படி வாய்திறந்து வழிசொல்வான்.

எங்கள் பயணத்துக்கு ஆன செலவு 180,650 ரூபா. மிஞ்சியது 4,350 ரூபா. அதை என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே கேட்டோம். அடுத்த ஆண்டு பத்தாந்தரத்துக்கு வருகிறவர்களுக்கு முதலாக வைக்கச் சொன்னார்கள். கூடவே ஒரு கொப்பியும் வைத்தார்கள். எந்தப் பொருள் சந்தையில் விலைபோகும், எங்கே தங்கலாம், எந்த வளைவில் எலுமிச்சங்காய் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். பத்துப்பாட்டிலே ஆற்றுப்படைகள் ஐந்து என்று படிப்பிக்கிறேன். என் மேசையிலே இப்போது ஆறாவது ஒன்று இருக்கிறது.